ஷூ இறுக்குகிறது

கண்ணுகளா, போன வாரம் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பேருந்தில் வந்தேன். முன் இருக்கையில் கம்பெனிச் சட்டை போட்ட இரண்டு பேர். மூத்தவர் சொன்ன ஒரு பேச்சில் என் தூக்கம் கலைந்தது.

"சேஃப்டி ஷூ மறுபடியும் இறுக்குதுடா. நாப்பத்தஞ்சு வயசுல எவனுக்காவது கால் வளருமா?"

இளையவர் சட்டென்று திரும்பினார். "அண்ணா, போன தடவையும் இப்படித்தானே ஆரம்பிச்சுது? மூளைக்கு அடியில கட்டி, அதான் கால வளர வெக்குதுன்னு மூக்கு வழியா எடுத்தாங்களே!"

"அதேதான். திரும்ப வந்துருச்சு."

"எப்பலேர்ந்து இறுக்குது?"

"ஆறு மாசமா. ஸ்டோர்ல பெரிய நம்பர் கேட்டா கேலி பண்ணுவாங்கன்னுதான் உன் பழைய ஷூவ வாங்கிப் போட்டுக்கிட்டேன்."

"அதுக்கா வாங்கின? டாக்டர்கிட்ட போகாம ஷூவ மாத்துனா கட்டி போயிருமாண்ணா?"

"கத்தாதடா. முந்தாநாள் போய்ட்டேன். சின்னதுதானாம், கண் நரம்பத் தொடலையாம். மறுபடியும் மூக்கு வழியாவே எடுத்துரலாம்னாரு. செவ்வாக்கெழமை பெங்களூர்ல அட்மிஷன்."

"பயமா இருக்கா?"

"போன தடவ இருந்துச்சு. இப்ப, முடிஞ்சப்புறம் கொஞ்ச நாளைக்கு மூக்கு சிந்தக் கூடாதும்பாங்க பாரு, அதான் பெரும்பாடு."

இருவரும் சிரித்தார்கள்.

"நல்லாகி வாண்ணா. ஸ்டோர்ல உன் பழைய எட்டாம் நம்பர் நானே சொல்லி வெக்கிறேன்."

"எட்டு பேராசைடா. கால் அவ்வளவு சுருங்காது, ஒம்போது போதும்."

வீட்டுக்கு வந்தபோது நீங்கள் யாரும் இல்லை. மூன்று மாதமாக டாக்டரிடம் காட்டாமல், உங்கள் அம்மாவுக்கும் தெரியாமல் பீரோவில் மடித்து வைத்திருந்த என் இரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்துக்கொண்டு, அப்படியே ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.