பதினான்கு வீடுகளுக்கு ஒரு கதவு

நான் சொல்வதெல்லாம் அப்படியே நடந்ததுதானா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. தேதிகள் சரியாக இருக்கும். அவை என் தொழில். யார் எதை எப்போது பேசினார்கள் என்பது முன்பின்னாக இருக்கலாம். ஒரு வருடமாக மனதுக்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்ததில் சில வார்த்தைகள் தேய்ந்திருக்கும்.

என் பெயர் சிவசங்கரன். ஒன்றிய அலுவலகத்தில் ஓவர்சியர். திருவாதவூருக்குக் கிழக்கே ஒரு குடியிருப்பில் பதினான்கு அரசு வீடுகளைக் கட்டி முடிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. மார்ச் முப்பத்தொன்று கடைசி நாள். நான் யாரிடமும் கை நீட்டியவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் நம்பமாட்டீர்கள்.

காங்கிரீட் கூரை இறுகும்வரை அதை அடியில் தாங்குவதற்குத் தகடுகளும் முட்டுக்கம்புகளும் வேண்டும். எங்களிடம் நான்கு வீட்டுக்குத்தான் இருந்தன. ஒரு கூரைக்குப் பதினான்கு நாள் முட்டு நிற்க வேண்டும். அப்படி நிற்கவிட்டால் வேலை முடிய ஜூன் ஆகிவிடும். ஒரு வீட்டில் பத்தாம் நாளே பிரிக்கச் சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்றில் எட்டாம் நாள். அதுவும் நின்றது. இருக்கிற பொருளை வைத்து வேலை முடிப்பதை இவரிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்று மாதக் கூட்டத்தில் சொன்னார்கள். அன்று வீட்டுக்கு அல்வா வாங்கிப் போனேன்.

கதவும் அப்படித்தான். கதவுகள் வந்து சேரவில்லை. வீட்டுக்காரரை வாசலில் நிறுத்தி எடுத்த படத்தை ஏற்றினால்தான் வீடு முடிந்ததாகும். பரவையில் ஒரு பழைய சாமான் கடையில் நீலக் கதவு ஒன்று கிடைத்தது. அதைக் குட்டியானை வண்டியில் வீடு வீடாகக் கொண்டுபோனோம். முன்சுவருக்கு மட்டும் வெள்ளையடித்து, கதவைப் பொருத்திப் படம் எடுத்தோம்.

கொத்தனார் கருத்தக்கண்ணன் ஒவ்வொரு முறையும் சிரிப்பார். "சார், இம்புட்டு வீட்டுக்குக் குடிபோன கதவு மதுர ஜில்லாவுலயே இது ஒண்ணுதான்."

ஒச்சம்மாளின் வீடு பன்னிரண்டாவது. கணவர் இல்லாதவர், களையெடுப்புக்குப் போவார். தார்ப்பாய்க் கொட்டகையில் இருந்தார். அவனியாபுரத்தில் கட்டிக்கொடுத்த மகள் தமிழ்வாணிக்குத் தலைப்பிரசவம் நெருங்கியிருந்தது.

"போன தீவாளிக்கு மாப்ள வந்து, உக்கார எடமில்லாம நின்னுக்கிட்டே சாப்ட்டுப் போனாரு சார்" என்றார். "பிள்ளைப்பேறுக்காச்சும் அவளக் கூரைக்குக் கீழ வச்சுப் பாக்கணும். ரூம ஒரு அடி அகலமாப் போட்டீகன்னா தொட்டில் கட்டலாம்."

போடச் சொன்னேன். அதை என் இரக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அகலம் கூடினால் முட்டும் கூடுதல் நாள் நிற்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

மார்ச் இருபத்தைந்து அந்தக் கூரைக்கு ஆறாம் நாள். முட்டுக்கம்புகளைப் பிரிக்கச் சொன்னேன்.

"அடியில கை வச்சாக் குளுருது சார். பச்சையா இருக்கு" என்றார் கருத்தக்கண்ணன்.

"போன வீடு நின்னுச்சுல்ல?"

"அது எட்டு நாளு. இது ஆறு, அதோட அகலம். ஆபீஸ்ல நீங்க காலண்டரக் கிழிக்கலாம் சார். காங்கிரீட்டுக்கு அது தெரியாதுல்ல."

அவர் பீடி முடியும்வரை நின்றார். பிறகு சுத்தியலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் இரண்டாம் முறை சொல்லவில்லை என்பது உண்மை. சொல்லத் தேவையில்லை. அவருடைய அடுத்த வேலை என் கையில் இருந்தது.

மறுநாள் அந்த நீலக் கதவு வந்தது. படத்தில் வீடு ஆளில்லாததுபோலத் தெரிந்தது. அடுப்புப் புகை இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. "சும்மா படத்துக்குப் பால் காய்ச்சுங்கம்மா" என்றேன்.

"பால் காய்ச்சுறதுல சும்மா என்ன சார் இருக்கு?" என்றார் ஒச்சம்மாள். ஆனால் மூன்று செங்கல் வைத்து, புதுப்பானை வாங்கி வந்து காய்ச்சினார். பால் கிழக்கே பொங்கியது. பக்கத்துப் பெண்கள் குலவையிட்டார்கள். படம் எடுத்ததும் கதவைக் கழற்றி வண்டியில் ஏற்றினோம்.

"வேற கதவு வரும்மா."

"வரட்டும். அதுவரைக்கும் வாசல்ல சேலையக் கட்டிக்கிறேன். பால் காய்ச்சுன வீட்ட வெறுமன விட்டுப் போகக்கூடாது."

அந்த வழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு. இங்கே தங்காதீர்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் காரணம் கேட்பார்கள். கூரைமேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினால் வலுவாகும் என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லை. தண்ணீருக்கு எடை உண்டு என்பதைச் சொல்லவில்லை.

இருபத்தேழாம் தேதி காலை தமிழ்வாணி பஸ்ஸில் வந்தாள். அதற்குள் ஒச்சம்மாள் குடம் குடமாகச் சுமந்து பாத்தியை நிரப்பியிருந்தார். மகளுக்குச் சோறு போட்டார். அவள் கை கழுவக் குழாயடிக்குப் போனாள். தொட்டில் கொக்கியின் உயரம் சரியா என்று அம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததைத்தான் அவள் கடைசியாகப் பார்த்தாளாம். கூரை இடிந்து ஒச்சம்மாள்மேல் விழுந்தபோது மணி பதினொன்றே முக்கால்.

கொத்தனார் என்னிடம் சொல்லாமல் முட்டுக்கம்புகளைப் பிரித்துவிட்டார் என்று அன்று மாலை போலீசில் எழுதிக்கொடுத்தேன்.

இதுவரை யாரும் கேட்காத ஒன்றை நீங்கள் கேட்கலாம்: ஏன் அந்த வீடு? அதே தெருவில் இன்னொரு கூரைக்கு இருபத்தைந்தாம் தேதியன்று பதினோரு நாள் ஆகியிருந்தது. அதைப் பிரித்திருக்கலாம். அந்த வீட்டுக்காரருக்கு ஒன்றியத்தில் வேண்டிய ஆட்கள் இருந்தார்கள். அவர் என்னைக் கேள்வி கேட்பார். ஒச்சம்மாள் கேட்கமாட்டார். நான் கூரையைப் பார்த்து முடிவெடுக்கவில்லை.

கருத்தக்கண்ணன் நான்கு மாதம் சிறையில் இருந்தார். வழக்கு இன்னும் நடக்கிறது. அவருக்கு யாரும் வேலை கொடுப்பதில்லை. தமிழ்வாணிக்கு ஏப்ரலில் பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்குப் பின் அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கவில்லை. பதினான்கு வீடுகளும் குறித்த நாளுக்குள் முடிந்ததாகப் பதிவாயின. படம் முந்தின நாளே ஏறிவிட்டதால் ஒச்சம்மாளின் வீடும் அதில் ஒன்று. எனக்குப் பதவி உயர்வு வந்தது.

தமிழ்வாணி அதே இடத்தில் வீடு கேட்டு மனுக் கொடுத்தாள். அந்த மனையில் ஏற்கெனவே வீடு கட்டி முடிக்கப்பட்டுள்ளது என்று பதில் போயிற்று. அதில் கையெழுத்துப் போட்டது நான்தான்.