பரிவட்டம்

எனக்குக் கோப்பியில் சீனி வேண்டாம் சார். டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். நான் எப்போதும் சொன்னதைக் கேட்கிற ஆள்.

ஹரிதாஸும் நானும் தங்கா பத்து என்ற ஊர்ப் பக்கம் ஒரே எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். பிறகு ரப்பர் பால்மரங்களை வெட்டிவிட்டு வீடுகள் கட்டினார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் தப்பியது. அதைக் காப்பாற்றியவன் ஹரிதாஸ்தான், மறுக்கவில்லை. அன்றிலிருந்து கோயில் கமிட்டிக்கு அவன் தலைவர், நான் செயலாளர். நாற்காலி போடுவது, பந்தலுக்கு ஆள் பிடிப்பது, "தலைவர் இப்போது பேசுவார்" என்று மைக்கில் அழைப்பது எல்லாம் நான். பேசுவது அவன்.

போன ஆடித் திருவிழாவில் குஞ்சம்மா அக்காவுக்கு அருள் வந்தது. கையில் வேப்பிலையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"கணேசா, கும்பாபிஷேகத்துல தலைவரு பரிவட்டம் உன் தலையிலதான்டா ஏறும்."

பக்கத்தில் நின்ற ஹரிதாஸ் என் தோளைத் தட்டினான். "ஆத்தாவே சொல்லிட்டா. அப்ப நான் மூட்டை கட்ட வேண்டியதுதான்லா."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு என்னோடு வீட்டுக்கு வந்தது. கண்ணாடி முன் நின்று துண்டைத் தலையில் கட்டிப் பார்த்தேன். எனக்கு அது நன்றாகவே இருந்தது.

கும்பாபிஷேக அழைப்பிதழ் வந்தபோது, தலைவர் என்ற இடத்தில் அவன் பெயர்தான் இருந்தது. எனக்குத் தூக்கம் போயிற்று. பதவிக்காக இல்லை சார். அம்மன் வாக்கு பொய்த்துவிடக் கூடாதே என்றுதான். சாமி தன் பங்கைச் சொல்லிவிட்டது, மீதியை மனிதன்தானே செய்ய வேண்டும்.

கோபுரத்துக்கு வண்ணம் பூசி முடித்த அன்று காலை, ஹரிதாஸ் என்னைச் சாரத்தின் மேலே அழைத்துப் போனான். அங்கிருந்த அம்மன் சிலையைக் காட்டினான்.

"கணேசு, கண்ணைப் பாரேன். நம்மளயே பாக்குற மாதிரி இல்ல?"

இன்னும் நன்றாகப் பார்க்க ஓரமாகச் சாய்ந்தான். நான் கையை நீட்டினேன்.

விழும்போது அவன் கத்தவில்லை. கீழே நின்றவர்கள், நான் அவனைப் பிடிக்கப் பார்த்தேன் என்றார்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சவப்பெட்டியைத் தூக்கும்போது அழுதேன், அது நடிப்பில்லை. பெயிண்டர் திவாகர் கோபுரத்தைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. பயந்துபோய் இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்தானாம், பாவம்.

பரிகார பூஜை செய்து, நாளைத் தள்ளிவைத்துக் கும்பாபிஷேகம் நடத்தினோம். குருக்கள் எனக்குப் பரிவட்டம் கட்டினார். கூட்டம் கலைந்ததும் ஹரிதாஸின் மனைவி கோமளா என்னிடம் வந்தாள்.

"அண்ணே, அவரு இருந்திருந்தாலும் இன்னிக்கு இதான் நடந்திருக்கும். மேடையிலயே உங்களத் தலைவரா அறிவிக்கணும்னு இருந்தாரு. ஆத்தா வாக்குண்ணே, மீறக் கூடாதுன்னு சொல்வாரு. உங்கள்ட்ட மட்டும் சொல்லாதன்னு என்னையும் தடுத்துட்டாரு."

கோமளாவுக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன்.

தள்ளியது நான்தான் சார், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவன் ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாம். எதையும் மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்வது ஹரிதாஸிடம் இருந்த பெரிய குறை. அதுதான் அவன் உயிரை எடுத்தது.