எழுபத்தெட்டு, இருபது

இரவு ஒன்பதே முக்கால். கொள்ளிடக் கரையோரம் போகிற ரோடு. ஸ்ரீரங்கத்தில் கோயிலைச் சுற்றி எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அந்தப் பக்கம் ஒன்பது மணிக்கு மேல் ஈ காக்கை இருக்காது. வாழைத்தோப்பு, ஒரு செங்கல் மதில், மறுபடி வாழைத்தோப்பு. தெருவிளக்கு மூன்றில் ஒன்று எரிந்தால் அதிகம். அந்த ரோட்டில் ஒரு பெண் ஸ்கூட்டியில் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள்...

நம் சிநேகிதன் சகாயநாதனின் தங்கை அவள். கூடப் பிறந்தவள். பெயர் ஃபெமினா. சகாயநாதன் எழவு வீட்டுக் கதையைக்கூடச் சிரித்துக்கொண்டே சொல்கிறவன். இதைச் சொல்லும்போது மட்டும் அவன் சிரிக்கவில்லை. அல்ஷிஃபா, அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு இங்கே வந்து உட்கார். குறுக்கே பேசினால் நிறுத்திவிடுவேன்.

ஃபெமினா நர்ஸ். திருவெறும்பூர்க்காரி. வீடுகளுக்கு நர்ஸ் அனுப்பும் ஓர் ஏஜென்சியில் வேலை. அன்றைக்கு அவள் கிளம்பும்போதே எரிச்சலில்தான் இருந்தாள். பகல் முழுக்க கே.கே. நகரில் ஒரு வீட்டில் நின்று வேலை பார்த்தவளை, சாயங்காலம் கூப்பிட்டு, "இன்னைக்கு ஒரு நைட்டு மட்டும் பாத்துருங்கம்மா, ஆளே இல்லை" என்று கெஞ்சி அனுப்பியிருந்தார்கள். விரலில் மாட்டிப் பல்ஸ் பார்க்கும் மெஷினுக்குப் பேட்டரி கேட்டு மூன்று நாளாயிற்று. வரவில்லை. மாட்டினால் இரண்டு கோடு காட்டும், அவ்வளவுதான். ஆனால் வேலை மட்டும் குறையில்லாமல் நடக்க வேண்டுமாம்.

ரோட்டின் கடைசி வீடு. வீட்டில் இரண்டே பேர். அனந்தபத்மநாபன், எண்பத்தொரு வயது, ஸ்கூலில் கணக்கு வாத்தியாராக இருந்து ரிடையர் ஆனவர், இதயம் பலவீனம். அவருடைய மகள் வத்ஸலா, பேங்க்கில் வேலை. பகலில் பார்த்துக்கொள்ள கனிஷ்கா என்று ஒரு நர்ஸ் வந்து இரவு எட்டு மணிக்குப் போய்விடுவாள். ராத்திரிக்கு அதுவரை ஆளே போட்டதில்லை. ஒரு வாரமாகப் பெரியவர் சரியாகச் சாப்பிடவில்லை, வாந்தி வேறு, அதனால்தான் ஃபெமினாவை வரச் சொன்னார்கள்.

பெரியவருக்குக் காலை ஆறு மணிக்கு ஒரு மாத்திரை. டிஜாக்சின். அதைக் கொடுக்குமுன் மணிக்கட்டைப் பிடித்து முழுசாக ஒரு நிமிஷம் பல்ஸ் எண்ண வேண்டும். அறுபதுக்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். நர்சிங் முதல் வருஷப் பிள்ளைகளுக்கே இது மனப்பாடம். அளவாக இருந்தால் இதயத்தைத் தாங்கும், உடம்பில் சேர்ந்துபோனால் அதே இதயத்தை நிறுத்தும். அப்படிப்பட்ட மாத்திரை.

பத்து மணிக்கு ஃபெமினா எண்ணினாள். அறுபத்திரண்டு. கையை விடாமலே மூச்சையும் எண்ணினாள். அப்படித்தான் எண்ண வேண்டும், மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மனுஷன் மூச்சை மாற்றிவிடுவான். பதினான்கு. எல்லாவற்றையும் தன் கறுப்புப் பேனாவால் சார்ட்டில் எழுதிவிட்டு, முந்தைய நாட்களைப் புரட்டினாள்.

எல்லா ராத்திரியும் எழுதப்பட்டிருந்தது. பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு. ஒரு கட்டம் விடாமல், உருண்டையான நீல மை எழுத்தில். பல்ஸ் எழுபத்தெட்டு. மூச்சு இருபது. பி.பி. நூற்றிருபதுக்கு எண்பது. பதினொரு ராத்திரியும் அதே எண்கள்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூச்சை எண்ணாமலே இருபது என்று எழுதுகிற ஆட்களை அவள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறாள். கனிஷ்காவும் அந்தக் கூட்டம்தான், வீட்டுக்குப் போகுமுன் ராத்திரிக் கணக்கையும் சேர்த்து எழுதிவைத்துவிட்டுப் போகிறாள் என்று நினைத்தாள். பெரியவர் கண்ணைத் திறந்து விளக்கைப் பார்த்தார். "லைட்டைச் சுத்தி ஏம்மா மஞ்சளா வளையம் தெரியறது?" என்று கேட்டார்.

ஃபெமினா அவர் முகத்தருகே குனிந்தாள். மாத்திரை உடம்பில் அதிகமாகச் சேர்ந்துவிட்டால் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும் என்று படித்திருக்கிறாள். அதற்குமேல் அவள் உட்காரவில்லை.

பன்னிரண்டு மணி. ஐம்பத்தாறு. எழுதப் போனால்... பன்னிரண்டு மணிக் கட்டம் நிரம்பியிருந்தது. எழுபத்தெட்டு, இருபது. அதற்கு முன்கட்டத்தில் அவள் எழுதிய அறுபத்திரண்டைக் காணோம். கறுப்பு மை இருந்த சுவடே இல்லை. நீல மையில் எழுபத்தெட்டு.

கனிஷ்காவுக்குப் போன் அடித்தாள். நாலாவது முறைதான் எடுத்தாள், தூக்கக் கலக்கத்தில்.

"ராத்திரிக் கட்டத்தை எல்லாம் முன்னாடியே எழுதி வெச்சிட்டுப் போறீங்களா? மனசாட்சி இருக்கா உங்களுக்கு?"

"நான் எதுக்குங்க எழுதப்போறேன்? அவங்க பொண்ணுதான் எழுதுறாங்கன்னு நெனச்சேன்..."

ஃபெமினா போனை வைத்துவிட்டாள். புதுத் தாள் ஒன்றை எடுத்தாள். அறுபத்திரண்டு, ஐம்பத்தாறு. அழுத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அட்டையோடு அக்குளில் இடுக்கிக்கொண்டாள். யார் வந்து எழுதுகிறார்கள் பார்க்கலாம் என்ற ஆத்திரம். பயமெல்லாம் இல்லை, அதுவரை வெறும் கோபம்தான்.

இரண்டு மணி. அறை முழுக்கத் திடீரென்று ஸ்பிரிட் வாடை. இவள் ஸ்பிரிட் பாட்டிலைத் திறக்கவே இல்லை. பெரியவரின் கையை எடுத்தாள். சில்லென்று இருந்தது. எண்ணத் தொடங்கினாள். இருபது... இருபத்தொன்று... பின்னால் தரையில் ரப்பர் செருப்பு கீச்சிடும் சத்தம். திரும்பினால் எண்ணிக்கை போய்விடும். திரும்பவில்லை. எண்ணிக்கொண்டே போனாள். ஐம்பது.

பெரியவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "நீ மட்டுந்தாம்மா எண்றே. அவ எண்றதே இல்லை. கையைப் புடிச்சுண்டு செவுத்தையே பாத்துண்டிருப்பா."

அக்குளில் இருந்த அட்டையை எடுத்தாள். புதுத் தாள். மூன்று கட்டங்கள். எழுபத்தெட்டு, எழுபத்தெட்டு, எழுபத்தெட்டு. கட்டைவிரலில் நீல மை ஒட்டியது. ஈரம்.

அடுத்த அறைக்கு ஓடி வத்ஸலாவை எழுப்பினாள். ராத்திரி யார் எழுதுகிறார்கள் என்று கேட்டதற்கு, கனிஷ்காதான் எழுதி வைத்துவிட்டுப் போகிறாள், அதைப் பார்த்துத்தான் தினமும் காலையில் மாத்திரை கொடுக்கிறேன் என்றாள் வத்ஸலா. ஃபெமினாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. டாக்டர் ஜகன்னாத்துக்குப் போன் போட்டார்கள். பதினைந்து வருஷமாக அந்தக் குடும்பத்துக்கு அவர்தான் டாக்டர். சார்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். வேண்டாம் சார், அது தப்பு என்று ஃபெமினா சொல்லிக்கொண்டிருக்கும்போதே வத்ஸலா அனுப்பிவிட்டாள்.

"எல்லாமே நார்மலா இருக்கே சிஸ்டர். எழுபத்தெட்டு. இதுக்கா ரெண்டு மணிக்கு எழுப்புறீங்க? ஆறு மணிக்கு மாத்திரையைக் குடுங்க."

"சார், நான் எண்ணுனேன். அம்பதுதான் இருக்கு."

"அப்ப அதை எழுத வேண்டியதுதானே?"

எழுதினேன், அது நிற்கவில்லை என்று எந்த வாயால் சொல்வாள்? சொன்னால் அந்த ராத்திரியே வேலை போய்விடும். லைன் கட்டாகிவிட்டது. வத்ஸலா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "சிஸ்டர், புதுசா வந்திருக்கேள். அப்பாவைக் கலவரப்படுத்தாதீங்கோ. பேப்பர்ல எழுதியிருக்கோன்னோ?"

 எண்ணத் தெரிந்தவள் ஒருத்தி பக்கத்திலேயே நிற்கிறாள், எல்லோரும் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்களே சொல்லுங்கள், அவள் வேறு என்ன செய்வாள்?

நான்கு மணிக்கு அவள் ஒரு காரியம் செய்தாள். வத்ஸலாவின் கையை வெடுக்கென்று பிடித்து இழுத்துக்கொண்டு போய், அவளுடைய மூன்று விரல்களைப் பெரியவரின் மணிக்கட்டில் வைத்து அழுத்தினாள். "மாமி, என்னை நம்பவேணாம். அந்தப் பேப்பரையும் நம்பாதீங்க. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நீங்களே எண்ணுங்க."

வத்ஸலா முணுமுணுத்துக்கொண்டே எண்ணினாள். பாதியில் முணுமுணுப்பு நின்றது. ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவே அவ்வளவு நேரம். ஒரு நிமிஷம் முடிந்தபோது அவள் முகம் வெளிறியிருந்தது. நாற்பத்துநாலு. "பெருமாளே" என்றாள்.  தானே நூற்றெட்டுக்குப் போன் பண்ணினாள்.

ஆம்புலன்ஸ் காவிரிப் பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது மணி நாலே முக்கால். ஐ.சி.யூ.வில் சேர்த்தார்கள். மானிட்டர் மாட்டியதும் நாற்பத்துநாலு என்று பச்சையாக வந்தது. அந்த எண்ணைப் பார்த்து ஃபெமினா நிம்மதியாக மூச்சுவிட்டாள். அவள் சொன்னதைச் சொல்லக் கடைசியில் ஒரு மெஷினாவது கிடைத்ததே! டியூட்டி டாக்டர் கேட்டுவிட்டு, "நல்லவேளை, இன்னும் ஒரு மாத்திரை உள்ள போயிருந்தா அவ்வளவுதான்" என்றார். பெரியவர் சாப்பிடும் மருந்து எல்லாவற்றையும், பழைய ஃபைலையும் கொண்டுவரச் சொன்னார். வத்ஸலா ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனாள். ஃபெமினா யூனிஃபார்மில் இருந்ததால் உள்ளே இருக்க யாரும் தடுக்கவில்லை.

ஐந்து ஐம்பத்திரண்டு. போன் அதிர்ந்தது. வத்ஸலா அனுப்பிய போட்டோ. பூட்டிய வீட்டைத் திறந்து, கட்டிலருகில் இருந்த சார்ட்டை அப்படியே எடுத்திருக்கிறாள். ஆறு மணிக் கட்டம். எழுபத்தெட்டு, இருபது, நூற்றிருபதுக்கு எண்பது. அதற்குக் கீழே, மருந்துக் கட்டத்தில், அதே உருண்டை எழுத்து. "டிஜாக்சின் கொடுக்கப்பட்டது. ஆறு மணி." பக்கத்தில் மாத்திரை அட்டை. ஒரு குழி புதிதாகக் கிழிந்திருந்தது.

ஃபெமினா கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறுக்கு இன்னும் எட்டு நிமிஷம்.

கொடுக்குமுன்னே எழுதிவிடுகிற கெட்ட பழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. எழுதியாகிவிட்டது... இன்னும் கொடுக்கவில்லை.

அவள் எழுந்து பெரியவரின் தாடையில் கையை வைத்து வாயை மூடிப் பிடித்துக்கொண்டாள். ஸ்பிரிட் வாடை வருகிறதா என்று முகர்ந்தாள். ஐ.சி.யூ.வில் எப்போதுதான் அந்த வாடை இல்லை? செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினாள். நாலு பக்கமும் கீச் கீச்சென்று நடந்துகொண்டுதான் இருந்தார்கள். எல்லோரும் ஒரே யூனிஃபார்ம், எல்லோர் முகத்திலும் மாஸ்க். கட்டிலைக் கடந்து போன ஒவ்வொருத்தியின் கண்ணையும் உற்றுப் பார்த்தாள். ஆறு மணி. ஆறு ஒன்று. ஆறு ஐந்து. யாரும் கட்டிலருகில் வரவில்லை.

மெல்லக் கையை எடுத்தாள். விரல்கள் மரத்துப்போயிருந்தன. பெரியவரின் உதடு அசைந்தது. முகத்தைச் சுளித்தார்.

"கசக்கறதும்மா..."

டார்ச்சை அடித்து வாயைத் திறந்தாள். நாக்கின் மேல் வெள்ளையாக... கரைந்தது போக மீதி. விரலை விட்டு வழித்தெடுத்தாள். அதற்குள் அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மணிக்கட்டைப் பிடித்தாள். அழுத்தினாள். கழுத்தில் வைத்துப் பார்த்தாள். எண்ணுவதற்கு ஒன்றுமே இல்லை.

"யாராவது வாங்க! பல்ஸ் இல்லை! சீக்கிரம் வாங்க!" நெஞ்சை அமுக்கத் தொடங்கியபடியே தொண்டை கிழியக் கத்தினாள்.

மேஜையில் உட்கார்ந்திருந்த நர்ஸ் தலையை மட்டும் தூக்கினாள். ஃபெமினாவைப் பார்க்கவில்லை, கட்டிலுக்கு மேலே இருந்த மானிட்டரைப் பார்த்தாள்.

"எழுபத்தெட்டு இருக்கேங்க. எதுக்குக் கத்துறீங்க?" என்றாள். பேனாவை எடுத்து, குனிந்து, அதை எழுதிக்கொண்டாள்.