அதிகாரிக்கு எந்தச் சீட்டு

அரூரிலிருந்து தருமபுரி போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்த இளம்பெண், "ஆபீசரைக் கொன்னுடலாமுங்களா அக்கா?" என்று கேட்டாள். நான் ஜன்னலிலிருந்து தலையைத் திருப்பினேன்.

பக்கத்தில் இருந்த மூத்தவள் சாப்பாட்டுக் கூடையை மடியில் சரி செய்துகொண்டாள். இருவரும் ஒரே அலுவலகத்துக் கிளார்க்குகள். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் சுற்றுலாவில் ஆடுவதற்கு இளையவள் ஒரு விளையாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஆளுக்கு ஒரு சீட்டுங்க. ஒருத்தர் பொணம், ஒருத்தர் கொலைகாரன், ஒருத்தர் போலீஸ். மத்தவங்க சாட்சி."

"அவரு சம்சாரமும் வர்றாங்க. தாலி கட்டின பொண்டாட்டி முன்னாடி புருசனைப் பொணமாப் படுக்க வெப்பியா?"

"அப்பக் கொலைகாரனாப் போட்டுடலாமுங்களா?"

"உனக்கு வேலை வேணுமா வேணாமா? போலீஸ் சீட்டை அவருக்குக் குடு."

"அவரு கண்டுபுடிக்கணுமேக்கா."

"யாருன்னு காலையிலயே நான் சொல்லிடறேன். ஃபைலுக்கும் அப்படித்தான செய்யறோம்."

"சரிங்க. கொலைகாரன் யாரு?"

"கடைசியா வேலைக்குச் சேந்தவங்க."

"அது நான்தானுங்க. என்னைப் பர்மனெண்ட் பண்ற ஃபைல் ரெண்டு மாசமா அவரு மேசையில கெடக்குது."

"தெரிஞ்சுதான் சொல்றேன். உன்னைப் புடிச்ச சந்தோசத்துல திங்கக்கிழமையே கையெழுத்துப் போட்டுருவாரு."

மொரப்பூரில் பஸ் நின்றது. இளையவள் கேட்டாள்:

"சும்மா மாட்டிக்கிட்டாப் போதுமுங்களா அக்கா, கொஞ்சம் அழுவணுமுங்களா?"