ஆடி மாசத்து வூட்டு வண்டி

— நாலாவது வாட்டி. எறங்கு கீழ.

— இன்னாத்துக்கு ரோட்டுக்கு நடுவுல வந்து கைய விரிக்கிற? வண்டிய எண்ணத்தான ஒக்கார வெச்சாங்க உன்ன. நிறுத்தச் சொன்னாங்களா?

— எறங்கறியா, நான் ஏறட்டுமா? முண்டாசு கட்டிக்கினா கட்டின புருசன் அடையாளம் தெரியாம பூடுமா? காலைல செவப்பு ஸ்கிரீன் போட்டுக்கினு போன. அப்புறம் நீலம். அதுக்கப்புறம் சாமந்தி மாலையும் ‘திருப்பதி யாத்திரை’ன்னு ஒரு அட்டையும். இப்ப அதே மாலையோட பச்சை. அந்தப் பச்சைய தெச்சதே நான் தான்யா. ஓரத்துல நூல் கலர் மாறிப்போச்சுன்னு சூப்பர்வைசர் என்னத்தான் வெளுத்து வாங்கினாரு.

— மெதுவா பேசேன். டீக்கடக்காரன் பாக்கறான்.

— பாக்கட்டும். மண்ணூர் யாக்கோபு, கம்பெனில கதவு மாட்றானா, டிரைவர் வேல பாக்கறானான்னு அவனும் தெரிஞ்சிக்கட்டும். இது கம்பெனி வண்டி. உனக்கு யாரு குடுத்தா?

— யாரும் குடுக்கல. டெஸ்ட் ஓட்றோம்னு சொல்லிட்டு எடுத்தோம். வாட்ச்மேன் நம்ம ஆளு. மெய்யா சொல்றேன் ரத்னா, இது என் ஒருத்தன் யோசன இல்ல. லைன்ல கீற நாப்பது பேரும் ஒக்காந்து பேசி முடிவு பண்ணது. உனக்குத்தான் லைசென்ஸ் கீதேன்னு என் தலைல கட்டிட்டாங்க.

— காலைல சோத்து டப்பாவ தூக்கிக்கினு, ஷிப்டுக்குப் போய்ட்டு வரேன்னு மூஞ்சப் பாத்து சொன்னியே.

— சொல்லியிருந்தா நீ விட்டிருப்பியா?

— காலையே ஒடச்சிருப்பேன். சரி, இன்னா முடிவு அது? சொல்லு.

— நீ போட்ற கோடெல்லாம் மெட்ராஸ் ஆபீசுக்குப் போவுது இல்ல? எதுக்குப் போவுதுன்னு நெனைக்கிற?

— அது எனக்கு இன்னாத்துக்கு. படுக்க, சமைக்க உள்ளயே எடம் கீற வூட்டு வண்டி போனா ஒரு கோடு, வந்தா ஒரு கோடு. அவ்ளோதான் சொன்னாங்க. தைலயும் இதே புளிய மரத்தடி. சித்திரைலயும் இதே எடம்.

— தைல எத்தினி பாத்த?

— ஒரு நாளைக்குப் பத்து, பன்னெண்டு வரும். வெள்ளக்காரங்க காஞ்சிபுரம் கோயில் பாக்கப் போவாங்க. வண்டிய ஓரங்கட்டி, உள்ளயே டீ வெச்சிக் குடிச்சிட்டு, எனக்கும் ஒரு கிளாஸ் நீட்டுவாங்க. சித்திரைல அதுல பாதி. அதுவும் பள்ளிக்கூட லீவுக்கு வந்த பெங்களூர்க்காரங்க தான்.

— இப்ப?

— ஆடில எவன் வருவான்? காத்து ஆளையே தூக்குது. அதுவும் இந்த வருசம் கேக்கவே வேணாம். வளைகுடா சண்டைன்னு பெட்ரோல் வெல ஏறிச்சு. வைகாசில நம்ம ஊர்ல அந்தக் குண்டு வெடிச்சதுலேர்ந்து லாரிக்காரன் கூட டீ குடிக்க நிறுத்தாம ஓட்றான். நேத்து வரைக்கும் ஒரு வூட்டு வண்டி இல்ல. இன்னிக்குக் காலைல ஒண்ணு போச்சா, அப்பாடான்னு கோடு போட்டேன். ரெண்டாவதும் போட்டேன். மூணாவது போனப்பத்தான் டிரைவர் கை மேல கண்ணு போச்சு. கதவுல நசுங்கின அந்தக் கட்டவெரல் ஊருலகத்துல ஒருத்தனுக்குத்தான் கீது.

— அதான் சொல்றேன், கேளு. ஒண்ணும் ஓடலன்னு கணக்கு போச்சுன்னா, லைன மூடிடுவான். வித்த வண்டியே ஷெட்டுல தூங்குது, புதுசு எவன் வாங்குவான்னு கேப்பான். மழ முடியற வரைக்கும் வேலைக்கு வராதீங்கன்னுவான். மழ முடிஞ்சா கூப்புடுவானா? போன வருசம் பெயின்ட் லைன்ல அனுப்பினவங்கள்ல எத்தினி பேர கூப்ட்டான்?

— அதுக்கு ஒரே வண்டிய சுத்திச் சுத்தி ஓட்டுவியா?

— பென்னலூர் வரைக்கும் போய் திரும்பறது தான. ஸ்கிரீன் மாத்த ரெண்டு நிமிசம். மாலைக்கு மட்டும் கைக்காசு.

— ஸ்கிரீன மாத்தினா வண்டி மாறிடுமாய்யா?

— நான் இன்னா பொய்யா எழுதச் சொன்னேன்? வண்டி போச்சா? போச்சு. வந்துச்சா? வந்துச்சு. பாத்ததத்தான எழுதற. உள்ள யாரு கீறான்னு எழுதறதுக்கு உன் பேப்பர்ல எடம் கீதா? இல்லல்ல?

— நல்லா பேசற. பாதிரியாருக்கே பாடம் எடுப்ப போல. இந்த வேலைய மேனேஜர் ஏகாம்பரநாதன் சார் என்ன நம்பிக் குடுத்தாருய்யா. படிச்ச பசங்க நெழல்ல தூங்கிட்டு சும்மா கோடு போடுவானுங்க, இந்தம்மா போடாதுன்னு மெட்ராஸ்ல சொல்லிட்டு வந்து குடுத்தாரு.

— அவரு நம்பறாரு, சரி. நாளைக்கு நாப்பது வூட்ல அடுப்பு எரியலன்னா அந்த நம்பிக்கைய வெச்சி ஒல வெப்பியா?

— என்ன மடக்காத. கேட் பாஸ் இல்லாம வண்டி எடுத்தது தெரிஞ்சா உன் வேல போவும், அது தெரியுமா உனக்கு? புள்ள ஷெர்லின் இப்பத்தான் பத்தாவது போறா.

— தெரிஞ்சாத்தான. கோடு போட்றவ என் பொண்டாட்டி. அந்த ஒரு தைரியத்துல தான் ரத்னா நான் ஸ்டியரிங்க புடிச்சேன்.

— இப்டி சொல்லியே என் வாய அடைக்கற. இரு. அது இன்னா சத்தம்?

— எது?

— மொபெட்டு. ஏரிக்கர வளைவுல வருது பாரு, வெள்ள சட்ட. ஐயோ, ஏகாம்பரநாதன் சார் தான்யா அது. சாயங்காலம் தான வரேன்னாரு. எடு வண்டிய, எடு.

— ஏசப்பா. ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது.

— தள்ளட்டுமா?

— ரெண்டு டன்னு வண்டிய நீ ஒருத்தி தள்ளுவியா? அவரு என்ன லைன்ல தெனம் பாக்கறவரு. மூஞ்சப் பாத்தா அவ்ளோதான்.

— அப்ப பின்னாடி ஏறு. கதவ சாத்திக்கோ. உள்தாழ்ப்பாள் போடு.

— தாழ்ப்பாள் இன்னும் மாட்டல. அது திங்கக்கெழம வேல.

— அப்ப கைப்பிடிய புடிச்சிக்கினு குந்து. மூச்சு விடாத.

— ரத்னா, அந்த மூணு கோட்ட மட்டும் அழிச்சிடாத. மெய்யா சொல்றேன், அதுல தான் எல்லாம் கீது.

— உள்ள போய்யா.

— ரத்னாம்மா, குடை கூட இல்லாம உட்கார்ந்திருக்கீங்களே. நான் கொடுத்தனுப்பினேனே.

— வாங்க ஏகாம்பரநாதன் சார். குடைய மொத நாளே காத்து பிச்சிக்கினு போச்சு. சாயங்காலம் வரேன்னீங்களே.

— அதாவது, மெட்ராஸிலிருந்து டிரங்க் கால். சாயங்காலம் வரைக்கும் காத்திருக்க முடியாது, இப்பவே எண்ணிக்கை வேணும்கிறாங்க. நாலு நாள் எண்ணியாச்சு, அது போதுமாம். ஆமாம், இது யார் வண்டி? நம்ம கட்டின வண்டி மாதிரி இருக்கே.

— நம்முது தான் சார். யாரோ டூர்க்காரங்க வாங்கி ஓட்றாங்க போல. டிரைவர் ஏரிப்பக்கம் ஒதுங்கப் போனாரு.

— நம்பர் மேலயே மாலை தொங்குது பாருங்க. போலீஸ்காரங்க இருக்கிற இருப்புக்கு, இப்படிப் போனால் செக்போஸ்ட்டில் உரிச்சுடுவாங்க. பெயின்ட் கூட மங்கல. போன மாசம் டெலிவரி ஆனது மாதிரி இருக்கு.

— நல்லா தொடச்சி வெச்சிக்கறாங்க சார்.

— வாங்கினவங்க உள்ளே எப்படி வெச்சிருக்காங்கன்னு பார்க்கணும்னு ரொம்ப நாளா ஆசை. அதாவது, அந்த மடக்குப் படுக்கை நான் வரைஞ்சு கொடுத்தது. ஒரே ஒரு நிமிஷம், கதவைத் திறந்து எட்டிப் பார்த்துட்டு சாத்திடறேன்.

— சார், வேணாம் சார்.

— ஏம்மா?

— உள்ள பொம்பளைங்க தூங்கறாங்க. மூணு பேரு. புள்ள பெத்தவ ஒருத்தி.

— அடடா. நல்லவேளை சொன்னீங்க. கைப்பிடியில் கையே வெச்சுட்டேன். யாரோ உள்ளே இருந்து இழுத்துப் பிடிச்ச மாதிரி இருந்தது. பாவம், பயந்துட்டாங்க போல.

— இந்தக் கல்லுல ஒக்காருங்க சார். வெய்யில்ல நிக்காதீங்க.

— உட்கார்றேன். தாளைக் கொடுங்க. முதல் நாள் ஒண்ணுமில்லை. ரெண்டாம் நாள் ஒண்ணுமில்லை. நேத்தும் இல்லை. இன்னைக்கு மூணு. அப்புறம் இங்கே நிக்கிறது எழுதலையே?

— இப்பத்தான் சார் வந்துச்சு.

— அப்போ மத்தியானத்துக்குள்ளேயே நாலு. நிஜமாவா ரத்னாம்மா?

— போச்சு சார். வந்துச்சு. கண்ணால பாத்தேன்.

— வெவ்வேறு வண்டியா?

— ஸ்கிரீனெல்லாம் வேற வேற சார்.

— இன்னைக்கு ஆடி வெள்ளி, இல்லையா. நான்தான் மறந்துட்டேன். அம்மன் கோயிலுக்குக் குடும்பம் குடும்பமாக் கிளம்பிடறாங்க. வெளிநாட்டுக்காரர் வராவிட்டால் என்ன, நம்ம ஆளுங்க வாடகைக்கு எடுத்துக்கறாங்க. அப்போ நம்மகிட்ட வண்டி வாங்கின டூர் ஏஜென்ட்டுங்க சொன்னது சரிதான்.

— இன்னா சார் சொன்னாங்க?

— எங்க வண்டி வருஷம் பூரா ஓடுது, ஒரு நாள் கூட நிக்கிறதில்லைன்னாங்க. நான் நம்பலை. ஆடியில் எப்படி ஓடும், நீங்க புளுகறீங்கன்னு அவங்க மூஞ்சிக்கு நேராச் சொன்னேன். நாலு நாள் ஆள் வெச்சு எண்ணிக் காட்டறேன்னு சவால் விட்டேன். தோத்துட்டேன். உங்க எழுத்தை நான் சந்தேகப்பட மாட்டேன்.

— அதுக்கு ஏன் சார் மொகம் இப்டி வாடிப்போச்சு? வண்டி ஓடினா கம்பெனிக்கு நல்லது தான? புதுசா இன்னும் கட்டச் சொல்லிக் கேப்பாங்க இல்ல?

— யார் கேப்பாங்க? சண்டை வந்ததிலிருந்து புது வண்டிக்கு பாங்க்கில் கடனே இல்லை. புது வண்டின்னு ஒண்ணு இந்த வருஷம் கிடையாதும்மா. அது சித்திரையிலேயே முடிஞ்சு போச்சு.

— அப்ப லைனு?

— அதுக்குத்தான் ஒரு வழி பார்த்து வெச்சிருந்தேன். யார்கிட்டயும் மூச்சு விடலை. போன தீபாவளிக்கு ஒரு ஆர்டர் வருதுன்னு முன்கூட்டியே சொல்லிட்டு, வராமல் போய், நாற்பது பேர் முன்னாடி தலை குனிஞ்சு நின்னேன். அதனால இந்தத் தடவை வாயைத் திறக்கலை.

— இன்னா வழி சார்? சொல்லுங்க.

— கிராமம் கிராமமாப் போய்க் கண் ஆபரேஷன் பண்ற ஒரு டிரஸ்ட். அவங்களுக்கு வண்டி வேணும், புதுசு வாங்கப் பணமில்லை. சீசன் இல்லாதப்போ தூங்கற வீட்டு வண்டிகளை வாடகைக்கு எடுத்து, உள்ளே ஆஸ்பத்திரி மாதிரி மாத்திக் கொடுங்கன்னாங்க. சீசன் வந்ததும் பழையபடி மாத்திடணும். மாத்தறதும் நம்ம லைன், திரும்ப மாத்தறதும் நம்ம லைன். கதவு, படுக்கை, ஸ்கிரீன், எல்லாம் நம்ம ஆளுங்க கையாலதான். மழைக்காலம் பூரா ஓவர்டைம் கூட வந்திருக்கும்.

— வருசா வருசமா?

— வருஷா வருஷம். ஆனா வண்டி சும்மா நின்னாத்தானே எடுக்க முடியும்? ஓடற வண்டியை எந்த ஏஜென்ட் தருவான்? தூங்குதுன்னு காட்டினால் குறைஞ்ச வாடகைக்குப் பேசலாம்னு டிரஸ்ட்டுக்குச் சொல்லி வெச்சேன். அதாவது, உங்க தாளில் நாலு நாளும் ஒரு கோடு கூட இல்லாமல் இருந்தால், நாற்பது பேருக்கும் இன்னைக்கே வேலை உறுதி. இனி டிரஸ்ட்காரங்க பெங்களூரில் வேற ஷெட்டுக்குப் போயிடுவாங்க.

— சார்.

— உங்க தப்பு இல்லைம்மா. நீங்க பார்த்ததை எழுதினீங்க.

— சார், நான் அத்தினியும் ஒரே வண்டின்னு சொன்னா?

— அப்படின்னு ஆசைப்பட்டு என்ன பிரயோஜனம்? ஏஜென்ட் உட்காந்திருக்கான் மெட்ராஸில். தாளில் மூணு கோடு இருக்கு, இப்போ கிழிச்சு எறிஞ்சால் ஏன் கிழிச்சன்னு கேப்பான்.

— ஓட்டினது யாருன்னு தெரிஞ்சா?

— தெரிஞ்சால் வேற கதை. ஏஜென்ட் வண்டி இல்லை, கம்பெனி ஷெட்டிலிருந்து எவனோ எடுத்துட்டு வந்து ஆட்டம் காட்டினதுன்னு நானே போன் பண்ணிச் சொல்லுவேன். அந்த மூணு கோடும் செல்லாமல் போயிடும், டிரஸ்ட் வேலையும் நம்மகிட்டயே நிக்கும். ஆனா அவன் பேரை எழுதிக் கொடுத்தாகணும். கேட் பாஸ் இல்லாமல் கம்பெனி வண்டியை ரோட்டில் எடுத்தவனுக்கு நம்மகிட்ட மன்னிப்பு கிடையாது, இன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடுவாங்க. என் கையாலயே கையெழுத்துப் போடணும். ஏன் கேக்கறீங்க? யாராவது உங்களை மிரட்டினானா?

— இல்ல சார்.

— அப்புறம் ஏன் அழறீங்க? சரி, நான் கிளம்பறேன். போஸ்ட் ஆபீஸ் மூடறதுக்குள்ளே போன் பண்ணணும். தாளை மடிச்சுக் கொடுங்க.

— கதவ இழுங்க சார். உள்ள பொம்பளைங்க யாரும் இல்ல. எங்க வூட்டுக்காரரு கீறாரு.