ஒன்றரைச் சுற்று

அருப்புக்கோட்டையில் திருச்சுழி பஸ் ஏறும்போது எனக்கு ஒரே பெருமை. மாலையில் பள்ளி மேடையில் வாசிக்கப்போகும் மகளின் கிட்டாரில் தந்தி இரைந்தது; காலையில் அவள் எழுவதற்குள் நானே அதன் கழுத்துக் கம்பியைத் திருகிச் சரிசெய்துவிட்டேன். முன்சீட்டில் கிட்டார் பையோடு ஒருவர் பக்கத்தில் இருந்த நண்பரிடம் புலம்பிக்கொண்டிருந்தார்.

"தந்தியைத் தொட்டா வண்டு மாதிரி இரையுது மாப்ள. கழுத்துக்குள்ள ஓடுற கம்பிய அரைச் சுத்து இறுக்கிட்டேன்."

"எதுக்குலே இறுக்குன?"

"லூசா இருந்தாத்தான சத்தம் வரும்?"

"ஏலே, அது என்ன டிராக்டர் போல்டா? இந்த வெயிலுக்குக் கழுத்து ஏற்கெனவே நிமிந்து கெடக்கும். இறுக்குனா தந்தி இன்னும் கட்டையில உரசும். தளத்தணும்லே, அதுவும் கால் கால் சுத்தா."

"அரைச் சுத்துக்கே இம்புட்டு ஏச்சா?"

"முழுச் சுத்து இறுக்குறவனும் ஊருக்குள்ள இருப்பான். அவன் கையில ஸ்பூனக்கூடக் குடுக்கக் கூடாது."

நான் இறுக்கியது ஒன்றரைச் சுற்று. மகளுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, எவனோ என் கிட்டார நாசமாக்கி வச்சிருக்கான்!"

குரலைத் தாழ்த்திச் சொன்னேன்:

"ஆளப் பிடிச்சாச்சு பாப்பா. அடுத்த ஸ்டாப்புல எறக்கிக் கூட்டிட்டு வாரேன்."