பஞ்சு கழுவிய வியாழக்கிழமைகள்

மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, அதை அளவுக்கு மீறிச் சுத்தம் செய்வதுதான். உட்காருங்கள். யும்னாவின் அக்கா என்றதுமே எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று புரிந்துவிட்டது. எதையும் ஒளிக்க மாட்டேன்.

வக்தியை முதலில் எனக்குத்தான் பேசி முடித்திருந்தார்கள். மோதிரம் போட்ட அன்று, அவன் அம்மா இன்ஷிராஹ் அத்தையின் கூடத்தில் மீன் தொட்டியைப் பார்த்தேன். "எவ்வளவு அழகா இருக்கு" என்றேன். கண் படாமலிருக்கச் சொல்லும் மாஷா அல்லாஹ்வைச் சொல்ல மறந்துவிட்டேன். மறுநாள் தண்ணீர் பால் கலந்ததுபோல் வெளுத்தது. பிறகு மீன்கள் செத்து மிதந்தன. மோதிரத்தைத் திருப்பி வாங்க அத்தையே வந்தாள்.

"தண்ணிக்குள்ள இருந்த மீனையே தின்னுட்ட. என் பையனை மட்டும் விட்டு வைப்பியா?"

"அத்தை, நான் பார்க்கத்தானே செஞ்சேன்."

"அதைத்தான்டி நானும் சொல்றேன்."

அலெக்சாண்ட்ரியா பெரிய நகரம்தான். எங்கள் தெரு சின்னது. நான் மாடிப்படி ஏறினால் பெண்கள் கைக்குழந்தையின் முகத்தை மூடினார்கள். அதற்குப்பின் என்னைப் பெண் கேட்டு ஒருவரும் வரவில்லை.

எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது. ஒரு சின்னத் தொட்டி வாங்கினேன். மாஷா அல்லாஹ் சொல்லாமல் தினமும் மீன்களை உற்றுப் பார்த்து வாய்நிறையப் புகழ்ந்தேன். அவை நன்றாகக் கொழுத்தன. ஒருநாள் ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் தேய்த்துக் கழுவினேன். மறுநாளே அதே வெள்ளை. மீன் கழிவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றும் நுண்ணுயிர்கள் அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கின்றன. குழாய்த் தண்ணீரின் குளோரின் பட்டால் கூண்டோடு போய்விடும். என் நிச்சயதார்த்தத்துக்காக அத்தை வீட்டையே கழுவியிருந்தாள், தொட்டி உட்பட. அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வக்தி உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டான். நான் ஒரு தட்டு பஸ்பூசா ரவை இனிப்போடு போய், என் கண்ணுக்காக அத்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. புதிதாக மீன்கள் வாங்கி விட்டிருந்தாள். முட்டிவலியால் அவளுக்குக் குனிந்து தொட்டியைக் கழுவ முடியவில்லை. "கண்ணைத் தாழ்த்திக்கிட்டே கழுவித் தரேன் அத்தை" என்றேன்.

யும்னா மேல்மாடியிலிருந்து வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு இறங்கி வருவாள். நான் வியாழக்கிழமை பஞ்சைக் குழாயில் கழுவினேன்; அவள் வந்து பார்த்துவிட்டுப் போனதும் தண்ணீர் வெளுக்கும். எல்லா வியாழனும் அல்ல. அவசரப்பட்டால் காரியம் கெட்டுவிடும். உங்கள் தங்கை பாவம், ஒவ்வொரு முறையும் சத்தமாகவே மாஷா அல்லாஹ் சொன்னாள்.

"வாய் சொல்லுது, கண்ணு ஒத்துக்க மாட்டேங்குதே" என்றாள் அத்தை.

"விடுங்க அத்தை, சின்னப் பொண்ணு" என்றேன். அதற்குப்பின் யும்னாவின் கண்தான் காரணம் என்று அத்தை முழுதாக நம்பினாள்.

பேரன் பிறந்ததும், பால் கொடுக்கும்போது யும்னாவின் கண்களைக் கட்டச் சொன்னாள். கட்டியது நான்தான். இறுக்கிக் கட்டவில்லை. யும்னா விரலால் குழந்தையின் மூக்கையும் புருவத்தையும் தடவிக்கொண்டே இருப்பாள். கொஞ்ச நாளில் அதுவும் ஆபத்து என்று புட்டிப்பால் வந்தது. வக்தி அவளை மட்டும் உங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டான்.

யும்னா உனக்கு என்ன செய்தாள் என்று கேட்கிறீர்கள். ஒன்றும் செய்யவில்லை. நான்கூடத்தான் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். அத்தை தன் மகனின் குடும்பத்தைத் தன் கையாலேயே பிய்த்துப் போட வேண்டும், அதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நேற்று அத்தை குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். யும்னாவின் அதே புருவம். மாஷா அல்லாஹ் சொல்லாமல் நெடுநேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, சிரித்தான். போகிற வழியில் தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போங்கள், என் கண்ணால் யாருக்கும் எந்தக் கெடுதலும் வந்ததில்லை என்று.